ஒழுக்க நிபந்தனைக்கு வரையறை வேண்டும்

ஆசிரியருக்கு,

விளம்பர ஒப்பந்தங்களில் பிரபலங்களுக்கு விதிக்கப்படும் ஒழுக்க நிபந்தனை (அவர்கள் பெயர் கெட்டால் ஒப்பந்தத்தை முறிக்க நிறுவனத்துக்கு இடம் தரும் விதி) பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். பெயர் கெட்டவரைச் சுமக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்கிறீர்கள், சரி. ஆனால் பெயர் கெட்டதா என்பதை யார் முடிவு செய்வது? பின்லேடன் மரணத்தைக் கொண்டாடுவது முறையா என்று 2011-இல் ட்விட்டரில் கேட்டார், ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆட்ட வீரர் ரஷார்ட் மெண்டன்ஹால். அவரோடு விளம்பர ஒப்பந்தம் செய்திருந்த ஹேன்ஸ்பிராண்ட்ஸ் ஆடை நிறுவனம் அதை முறித்தது. அவர் வழக்குப் போட்டார். நிறுவனம் நேர்மையோடுதான் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லி, வழக்கைத் தொடக்கத்திலேயே முடித்துவிட நீதிமன்றம் மறுத்தது. ஜெர்மனியில், அச்சடித்து நீட்டும் பொது நிபந்தனை ஒரு தரப்பை நியாயமின்றி நசுக்கினால் செல்லாது. இங்கிலாந்திலோ ஒப்பந்தத்தில் நேர்மையோடு நடக்க வேண்டும் என்ற பொதுவான கடமை கிடையாது. அங்கே எழுதிய சொல்தான் பெரிது.

இத்தகைய ஒப்பந்தங்களை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒன்றில் பணம் தரும் முறைக்கு அரைப் பக்கம். ஒழுக்கத்துக்கு ஒரே வரி: ‘நிறுவனத்தின் கருத்தில் அவப்பெயர் தரும் எதுவும்’. கையெழுத்திட வந்த இளம் வீராங்கனை அந்த வரியில் விரலை வைத்து, “எதுவும் என்றால் எது?” என்று கேட்டார். அங்கிருந்த யாரிடமும் பதில் இல்லை. எந்தச் செயல்கள் அவப்பெயர் தரும் என்று நிறுவனம் ஒப்பந்தத்திலேயே பெயர் சொல்லி எழுதட்டும், விளக்கம் தர அவகாசம் கொடுக்கட்டும். அப்புறம், நிறுவனமே தவறு செய்தால் விலகும் உரிமையைக் கையெழுத்திடும் பிரபலத்துக்கும் தரட்டும்.