பழைய ஐபாடைக் குப்பையில் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது மேசை லாச்சியிலிருந்து ஐபாடோ, சான்டிஸ்க்கின் சான்சா கிளிப்போ, ஏதோ ஒரு பழைய பாட்டுக் கருவி வெளியே வரும். மின்னூட்டினால் திரை ஒளிரும். ஆனால் இன்று நம்மிடம் இருக்கும் பாட்டுக் கோப்புகளில் பாதியை அது ஏற்காது. ‘இனி இது உதவாது’ என்று குப்பைப் பைக்குப் போய்விடும். அப்படிப் போகும் பல கருவிகளில் பழுதென்று எதுவும் இல்லை. உள்ளே ஓடும் ஃபர்ம்வேருக்குத்தான், அதாவது கருவியை இயக்கும் அடிப்படை நிரலுக்குத்தான், வயதாகிவிட்டது. அதைக் காசு செலவில்லாமல் மாற்றலாம் என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

மாற்று ஃபர்ம்வேரின் பெயர் ராக்பாக்ஸ். ஆர்க்கோஸ் நிறுவனத்தின் கருவிக்காக 2001-இல் ஸ்வீடன்காரர்கள் சிலர் தொடங்கியது; இன்றும் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். 4.0 பதிப்பு 2025-இல் வந்தது. ஆப்பிள் ஐபாட் கிளாசிக் விற்பனையை 2014-இலும், கடைசி ஐபாடான டச்சை 2022-இலும் நிறுத்திவிட்ட நிலையில், பழைய ஐபாட்களுக்கு இன்னும் புதுப் பதிப்பு தருவது இதுதான். ஃபிளாக், ஓப்பஸ், ஓக் எனப் பல வகைக் கோப்புகளும் ஓடும்.

முதலில் உங்கள் கருவி எது என்று பாருங்கள். ஐபாடின் முதுகில் பொடி எழுத்தில் ஏ1136 என்றிருந்தால் அது வீடியோ வகை. ஏ1238 என்றால் கிளாசிக். நானோவில் முதல் இரண்டு தலைமுறைகள் மட்டும் நம்பிச் செய்யலாம். ஷஃபிள், டச் இரண்டுக்கும் வழியில்லை. சான்சாவில் கிளிப், கிளிப் பிளஸ், கிளிப் ஸிப், ஃபியூஸ் ஆகியவை சரி. கிளிப், கிளிப் பிளஸ் இரண்டில் எது என்று குழம்பினால், பக்கவாட்டில் மைக்ரோ எஸ்டி அட்டைக்குத் துளை இருப்பது கிளிப் பிளஸ். பழைய கிளிப்பில் அது கிடையாது. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

ஐபாட் வீடியோவில் வேலை கெடும் முதல் இடம் வட்டின் வடிவம், அதாவது அதில் கோப்புகளை அடுக்கும் முறை. மேக் கணினியில் பழகிய ஐபாட் எச்எஃப்எஸ் பிளஸ் வடிவத்தில் இருக்கும். ராக்பாக்ஸுக்கு ஃபேட்32 மட்டுமே படிக்கத் தெரியும். விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸ் வழியாக ஒருமுறை ‘ரீஸ்டோர்’ செய்தால் ஃபேட்32 ஆகிவிடும். உள்ளிருக்கும் பாட்டெல்லாம் அழியும். அதனால் முன்கூட்டியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து ராக்பாக்ஸ் யூட்டிலிட்டி என்ற நிறுவியை ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ உரிமையோடு திறக்க வேண்டும். கருவி தொடங்கும்போது முதலில் ஓடும் துவக்கி நிரல் ஐபாடின் ஃபர்ம்வேர் பகுதியில் நேரடியாக எழுதப்படுவதால், அந்த உரிமை இல்லாவிட்டால் வட்டைத் திறக்க முடியவில்லை என்று நின்றுவிடும். வயரிலும் கவனம் வேண்டும். மலிவு விலை வயர்களில் சில மின்சாரத்தை மட்டும் கடத்தும், தகவலைக் கடத்தாது.

நிறுவியபின் திரையில் ‘கோப்பைக் காணோம்’ என்று வந்தால் பதற வேண்டாம். ஜிப் கோப்பைக் கையால் விரித்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பெயரின் முன்னால் புள்ளி வைத்த ராக்பாக்ஸ் கோப்புறை வட்டின் மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். வேறொரு கோப்புறைக்குள் போய் உட்கார்ந்திருந்தால் துவக்கிக்குத் தெரியாது. புள்ளியில் தொடங்கும் கோப்புறைகள் மேக்கிலும் லினக்ஸிலும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கருவி உறைந்துவிட்டால், பொத்தான்களைப் பூட்டும் ஹோல்ட் சுவிட்சை ஒருமுறை தள்ளித் திரும்ப விட்டு, மெனுவையும் நடுப்பொத்தானையும் சேர்த்துப் பத்து விநாடி அழுத்துங்கள். ஆப்பிள் சின்னம் வந்ததும் நடுப்பொத்தானையும் பிளேயையும் பிடித்தால், கணினி அதை வட்டாகப் பார்க்கும் ‘வட்டு நிலை’க்குப் போகும். அங்கிருந்து பெரும்பாலானவற்றைச் சரிசெய்யலாம். பழைய ஆப்பிள் ஃபர்ம்வேர் அழிவதில்லை. தொடங்கும்போது சின்னம் தெரிந்தவுடன் ஹோல்டைத் தள்ளினால் அதுவே வரும்.

கிளாசிக்கை நிறுவும் முறை வேறு. வீடியோவுக்குச் சொன்னதை அதில் செய்து பார்க்காதீர்கள். நிறுவி காட்டும் படிகளை அப்படியே பின்பற்றுங்கள்.

கிளிப் பிளஸில் யுஎஸ்பி நிலையை, கருவியைக் கணினிக்கு வட்டாகக் காட்டும் எம்எஸ்சி என்று மாற்றுவதுதான் முதல் வேலை. எம்டிபி நிலையில் நிறுவியால் அதை வட்டாகப் பார்க்க முடியாது. சான்டிஸ்க்கின் மூல ஃபர்ம்வேர் கோப்பையும் நாமே இறக்கித் தர வேண்டும். கிளிப்பின் கோப்பைக் கிளிப் பிளஸுக்குக் கொடுத்தால் ஏற்காது. வயரைக் கழற்றியதும் கருவி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மின்கலம் தீர்ந்துபோகக் கூடாது. இடது பொத்தானைப் பிடித்துக்கொண்டு தொடக்கினால் பழைய ஃபர்ம்வேர் வரும். 64 ஜிபி அட்டை போடுவோர் அதை ஃபேட்32-ஆக மாற்றிப் போட வேண்டும், ஏனெனில் கடையில் வாங்கும்போது அது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும். ரேடியோ வட்டாரத்தை ‘ஐரோப்பா’ என்று வைத்தால் கோலாலம்பூரில் மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி கிடைக்கும்.

இனி நம் மொழிக்கு வருகிறேன். எத்தனையோ பேர் ஆசையாய் நிறுவிவிட்டு மனம் நோகும் இடம் இதுதான். ராக்பாக்ஸ் யூனிகோடைப் படிக்கும். தமிழ் எழுத்துரு ஒன்றை அதன் வடிவுக்கு மாற்றிப் போட்டால் எழுத்துகளும் தெரியும். ஆனால் கொம்பை எழுத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்த அதற்குத் தெரியாது. யூனிகோடில் ‘தே’ என்பது த முதலில், கொம்பு பின்னால் என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. ராக்பாக்ஸ் அதை அப்படியே வரிசையாக வரையும். அதனால் தேவாரம் என்ற கோப்புறை, கொம்பு வகரத்தோடு ஒட்டி, ‘தவோரம்’ என்று நிற்கும். கேசட் என்பது ‘கசேட்’ ஆகும். எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது, ஏனென்றால் கோளாறு எழுத்துருவில் இல்லை. கொம்பை முன்னால் தட்டச்சு செய்து ஏமாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள்: அந்தப் பெயர் கணினியிலும் கைபேசியிலும் உடைந்து தெரியும், தேடினாலும் கிடைக்காது. கோப்புறைப் பெயரை ரோமன் எழுத்தில் வைப்பதே இப்போதைக்கு நல்லது. தமிழ் எழுத்துரு வேண்டும் என்போர் மாற்றும்போது யூனிகோட் குறியெண் 0 முதல் 3071 வரை எடுத்தால் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து வரும். கிளிப் பிளஸின் திரை உயரம் 64 புள்ளிதான். 16 புள்ளி எழுத்துக்கு மேல் போனால் நான்கு வரிகூடத் தேறாது.

எழுத்து கைவிட்ட இடத்தில் குரல் கைகொடுக்கிறது. ராக்பாக்ஸ் பேசும். மெனுவின் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டும். கோப்புறைக்குள் சிறு குரல் கோப்பு வைத்தால் அந்தக் கோப்புறையின் பெயரையும் சொல்லும். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் மஞ்சள் தடத்தைக் கோலால் தட்டித் தட்டி நடப்பவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்கும் பேட்டை அது. தொடுதிரையில் தடவித் தேடுவதைவிட, அழுத்தினால் விரலுக்குத் தெரியும் ஐந்தாறு பொத்தான்கள் உள்ள ஒரு கிளிப் அவர்களுக்கு எவ்வளவு எளிது! கண் மங்கிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

கோப்புறைப் பெயருக்கான குரல் கோப்பை, எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் என்ற நிரலின் மூலம் நிறுவியே உண்டாக்கித் தரும். அதன் அமைப்பில் குரல் மொழியைத் தமிழாக மாற்றி, திரையை நம்பாமல் குரலை மட்டும் கேட்போருக்காகக் கோப்புறைப் பெயர்களைத் தமிழிலேயே வைத்து ஓட்டினால், அந்தப் பெயர்களைத் தமிழில் சொல்லும். ஒலி இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் புரியும். அதைவிட அருமையானது பேரப்பிள்ளையின் குரல். ‘திருப்புகழ்’, ‘பழைய பாட்டு’, ‘ராமாயண உரை’ என்று ஒவ்வொரு பெயரையும் மோனோவில், 16 பிட் வாவ் கோப்பாகப் பதிவுசெய்து, ராக்பாக்ஸோடு வரும் ஸ்பீக்ஸ் மாற்றியால் மாற்றி வைத்தால் போதும். பிறகு பொது அமைப்புகளில் ‘வாய்ஸ்’ பகுதிக்குப் போய்க் கோப்புறைக் குரல் கோப்புகளைப் பயன்படுத்தும் விருப்பத்தை இயக்க வேண்டும். இதை மறந்துவிட்டுக் குரல் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

திருமுறை வகுப்பு நடத்துவோருக்கும் ஒரு சொல். ஒலி அமைப்பில் ‘டைம்ஸ்ட்ரெட்ச்’ என்பதை இயக்கிக் கருவியை ஒருமுறை அணைத்துத் தொடக்கினால், சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கலாம். ‘ஏ-பி’ மறுமுறையில் ஒரே அடியைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகலாம்.

மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் இதில் எதையும் தொடங்காதீர்கள். ஐபாடின் முதுகுத் தகடு மேடிட்டோ, ஓரத்தில் பிளவு விட்டோ இருந்தால் மின்னூட்டவே கூடாது. வீடியோ வகையைத் திறப்பவர்கள் பிளாஸ்டிக் நெம்பியால் ஓரமாகத் திறந்து, முழுவதும் பிரிக்காமல், மின்கல நாடாவின் சிறு பூட்டை முதலில் தூக்கிவிட வேண்டும். இழுத்தால் நாடா கிழியும், பூட்டும் பலகையோடு பெயர்ந்து வரும். கழற்றிய மின்கலத்தின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பை லாரியில் நசுங்கினால் அது தீப்பிடிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்