மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் போதை மாத்திரை மீட்புச் சிகிச்சை கோரி மனு

அனுப்புநர்: ஒரு நோயாளியின் தாய், மதுரை மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: ஒவ்வாமை உள்ள நோயாளிகளுக்கு மாற்று மருந்து வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகனுக்கு வயது 24. பெயின்டர் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டவன், வலிக்காகத் தொடங்கிய டாபென்டடால் மாத்திரையை நாளடைவில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் நிலைக்குப் போய்விட்டான். கடந்த ஆடி மாதம், தானாகவே சிகிச்சைக்கு வருகிறேன் என்றான். அந்தச் சொல்லுக்காக நாங்கள் இரண்டு வருடம் காத்திருந்தோம்.

சிகிச்சை மையத்தில், போதை ஏக்கத்தைத் தணிக்கும் பியூப்ரினார்பினும், அதைக் கரைத்து ஊசியாக ஏற்றாமல் தடுக்கச் சேர்க்கும் நலாக்சோனும் கலந்த மாத்திரையை நாக்கின் அடியில் வைத்த அரை மணி நேரத்தில் உதடு வீங்கி, கழுத்திலும் மார்பிலும் தடிப்புகள் எழும்பின. உடனே ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அந்த நன்றியை மறக்கமாட்டேன். ஆனால் சீட்டின் மேல் சிவப்பு மையில் 'அலர்ஜி' என்று எழுதி, இனிக் கொடுக்க மருந்து இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் அவன் பழைய மாத்திரைக்கே திரும்பினான். இடையில் விட்டுவிட்டுப் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடலாம் என்று எச்சரித்திருந்ததால், இரவெல்லாம் அவன் மூச்சைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறேன்.

ஒத்துக்கொள்ளாதது பியூப்ரினார்பினா, நலாக்சோனா, மாத்திரையில் சேர்க்கும் நிறமியா என்று எவரும் பார்க்கவில்லை. இவ்வகை மருந்துகள் ஒவ்வாமை இல்லாமலேயே அரிப்பை உண்டாக்குவதும் உண்டு என்பதால், ஒவ்வாமை நிபுணர் பரிசோதித்த பிறகே மருந்தை நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டும். நலாக்சோன்தான் காரணமென்றால் பியூப்ரினார்பினை மட்டும் கண்காணிப்பில் கொடுக்கலாம். பியூப்ரினார்பினே ஒத்துக்கொள்ளாதவருக்கு, அதே போல ஏக்கத்தைத் தணிக்கும் மெத்தடோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஏழு முதல் பத்து நாள் போதை மருந்தின்றி இருக்க முடிந்தவருக்கு, போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்தும் பொருந்தலாம்.

போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளையும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாகவே கருதி, அரசுச் சிகிச்சை பெறும் உரிமையைத் தந்துள்ளது. ஆகவே, ஒவ்வாமை என்று எழுதப்படும் ஒவ்வொருவரையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைத்து அனுப்பவும், தென் மாவட்டங்களில் ஒரு மையத்திலாவது மெத்தடோன் கிடைக்கவும், மாற்று மருந்து முடிவாகும்வரை எந்த நோயாளியையும் சிகிச்சையிலிருந்து விடுவிக்காதிருக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். என் மகன் மறுபடியும் வரத் தயாராக இருக்கிறான்.

இணைப்பு: சிவப்பு மையில் எழுதப்பட்ட சீட்டின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்