'டோவர் ஹில்' கப்பலின் வரலாற்றை எழுதத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம்.

'டோவர் ஹில்' என்னும் பிரித்தானியச் சரக்குக் கப்பல் இரண்டாம் உலகப் போரின்போது வடதுருவக் கடல் வழியாக சோவியத் நாட்டுக்குப் போய்த் திரும்பிய கதையைத் தமிழில் எழுதத் தொடங்கியபோது, என் கையில் சில தேதிகளும் தீராத வியப்பும் மட்டுமே இருந்தன. அந்த நீண்ட கட்டுரையை இப்போது எழுதி முடித்துவிட்டேன். உங்களுள் ஒருவர் உதவாமல் இருந்திருந்தாலும் அதில் ஏதேனும் ஒரு பகுதி பொய்யாகவோ பொக்காகவோ போயிருக்கும் என்பதை நான் நன்கு அறிவேன். ஆகவே எல்லோரும் அறிய இந்த நன்றியைத் தெரிவிக்கிறேன்.

முதல் நன்றி, ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் லாக் யூ விரிகுடாவை ஒட்டியுள்ள அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்களுக்கு. 1943 பிப்ரவரி 15 அன்று ஜே.டபிள்யூ. 53 என்னும் கப்பல் அணி இங்கிருந்துதான் புறப்பட்டது. டோவர் ஹில்லையும் சேர்த்து 28 வணிகக் கப்பல்கள் அதில் இருந்தன. அமைதியான அந்த நீர்ப்பரப்பை நேரில் பார்த்தபோது, இத்தனை கப்பல்கள் இங்கே நங்கூரமிட்டு நின்றன என்பதை என்னால் எளிதில் நம்ப முடியவில்லை. மழையில் என்னோடு கரை நெடுக நடந்து, எந்தப் பக்கமாகக் கப்பல்கள் திறந்த கடலுக்குள் நுழைந்தன என்று கைநீட்டிக் காட்டியவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அணி புறப்பட்ட சில நாட்களில் பெரும் புயல் தாக்கியது. அணிக்குக் காவலாக வந்த ஷெஃபீல்டு என்னும் போர்க்கப்பலின் பீரங்கிக் கோபுரம் ஒன்றின் எஃகுக் கூரையையே அலை பிய்த்துக்கொண்டு போயிற்று. டேஷர் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் சேதமடைந்து திரும்ப நேர்ந்தது. வணிகக் கப்பல்களுள் ஆறும் திரும்பிவிட்டன. டோவர் ஹில் திரும்பவில்லை. முதல் உலகப் போர்க்காலத்தில் கட்டப்பட்ட, நிலக்கரியில் ஓடும் அந்தக் கிழட்டுக் கப்பலின் மேல்தளத்தில் டாங்கிகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் கட்டப்பட்டிருந்தன. கட்டு அறுந்து பீப்பாய்கள் பல கடலுக்குப் போயின; டாங்கிகளை மாலுமிகள் விடவில்லை. உறைபனி படிந்த தளத்தில் உருளும் டாங்கியைச் சங்கிலியால் மீண்டும் பிணைப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை, நாற்பதாண்டுகள் கப்பல் எந்திரங்களோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா ஒருவர் எனக்கு ஒரு மாலை முழுவதும் விளக்கினார். ஐயா, அந்தப் பத்தியை நான் மூன்று முறை திருத்தி எழுதியதற்கு நீங்களே காரணம்.

அவருக்கு இதைவிடப் பெரிய கடன் ஒன்றும் உண்டு. அது நிலக்கரியைப் பற்றியது. பிப்ரவரி 27 அன்று, முர்மான்ஸ்க் அமைந்துள்ள கோலா கழிமுகத்தை அடைந்த கப்பல், முர்மான்ஸ்க் துறைமுகத்தில் குண்டுவீச்சுக்கு நடுவே சரக்கை இறக்கியது. அதே துறைமுகத்தில் மார்ச் 13 அன்று 'ஓஷன் ஃபிரீடம்' என்னும் கப்பல் குண்டுபட்டு மூழ்கியது. ஏப்ரல் 4 அன்று டோவர் ஹில் கழிமுகத்தில் நங்கூரமிட்டு நின்றபோது ஜெர்மானிய விமானங்கள் தாக்கின. குண்டு ஒன்று தளங்களைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், வெடிக்காமல் நிலக்கரிக் கிடங்கின் அடியில் புதைந்தது. வெடிகுண்டு அகற்றும் பிரித்தானியக் குழு எதுவும் அருகில் இல்லை. கப்பலின் தலைவர் பெரினோடு சேர்த்து 19 பேர் தாமாக முன்வந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் அந்தக் கரியைத் தோண்டினார்கள். இதை முதலில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பொறியாளர் ஐயாதான் கேட்டார்: "தம்பி, குவிந்த கரியைத் தோண்டினால் குழி நிற்குமா? பக்கத்துக் கரி சரிந்து வந்து மூடாதா?" அப்படியேதான் நடந்திருக்கிறது. மீண்டும் மீண்டும் வந்த விமானங்கள் அருகில் வீசிய குண்டுகளின் அதிர்விலும் கரி சரிந்து குழியை நிரப்பியது. அவர்கள் மறுபடியும் தோண்டினார்கள். ஏறத்தாழ 22 அடி ஆழத்தில் குண்டு கிடைத்தது.

குண்டை மேல்தளத்துக்கு ஏற்றிய பின் அதன் வெடிமூட்டியைக் கழற்றியவர் சோவியத் அதிகாரி ஒருவர். பாதித் திருகலில் அது இறுகிக்கொள்ளவே, சிறு சுத்தியலால் தட்டித் தட்டி அதை நெகிழ்த்தினார். அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவர்களுள் கப்பலின் வானொலி அதிகாரி டேவிட் கிரெய்க்கும் ஒருவர். முதுமைக் காலம் வரை இந்நிகழ்ச்சியைச் சலிக்காமல் சொல்லிவந்த அவருக்கு, அவர் மறைந்த பின்னர்தான் நன்றி சொல்ல முடிகிறது என்பது என் மனக்குறை. குண்டு கோலா கழிமுகத்தில் எறியப்பட்டது.

ருஷ்ய மொழிப் பெயர்களைச் சரியாக ஒலிக்கக் கற்றுத்தந்த எங்கள் அண்டைவீட்டுச் சகோதரி, வடதுருவ வட்டத்துக்கும் வடக்கே இருக்கும் முர்மான்ஸ்க் துறைமுகம் வெப்ப நீரோட்டத்தால் குளிர்காலத்திலும் உறைவதில்லை என்பதையும் வரைபடம் போட்டுக் காட்டினார். அத்தனை கப்பல்கள் உயிரைப் பணயம் வைத்து ஏன் அங்கேயே போயின என்பது அதன் பிறகே எனக்குத் தெளிவாயிற்று. அக்கா, மிக்க நன்றி.

அந்தக் கோடையில் வடதுருவ அணிகள் நிறுத்திவைக்கப்பட்டதால், பழுது பார்க்கப்பட்ட டோவர் ஹில்லும் அதன் ஆட்களும் நவம்பர் இறுதி வரை வட ருஷ்யாவிலேயே உணவுத் தட்டுப்பாட்டோடு காத்திருந்தனர். தலைவருக்கும் நான்கு அதிகாரிகளுக்கும் ஓ.பி.ஈ. என்னும் பிரித்தானிய அரச விருதும், மற்ற பதினால்வருக்கு அரசரின் பாராட்டும் கிடைத்தன. 1944 ஜூனில், நார்மண்டி கரையில் இறங்கிய படைகளுக்கு அலைதடுப்பாக அமைய, இந்தக் கப்பலைப் பிரித்தானியர் தாங்களாகவே மூழ்கடித்தார்கள். எதிரியால் மூழ்கடிக்க முடியாத கப்பல் அது என்று எழுதியிருந்தேன். பெருமிதம் உண்மையை மீறக் கூடாது என்று அந்த வரியை அடித்துவிட்ட தமிழாசிரியருக்கும் என் வணக்கம், அடித்தது சரியே.

வடதுருவ வழியில் ஏறத்தாழ 1,400 வணிகக் கப்பல்கள் சென்றன; அவற்றுள் 85 திரும்பவில்லை. இப்பணிக்கென்றே ஆர்க்டிக் ஸ்டார் பதக்கத்தைப் பிரித்தானிய அரசு வழங்கத் தொடங்கியது 2013-இல்தான். எழுபது ஆண்டுத் தாமதத்தை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. அதனால்தான் கரி அள்ளிய அந்த 19 பேருக்கும், சுத்தியல் பிடித்த அந்த அதிகாரிக்கும் உரிய நன்றியை உங்களுக்கான நன்றியோடு சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

கட்டுரையின் அச்சுப்படி உங்கள் ஒவ்வொருவருக்கும் இந்த வாரத்துக்குள் வந்து சேரும். நிலக்கரிக் கிடங்கைப் பற்றிய பக்கங்களில் இன்னும் பிழை இருந்தால், பொறியாளர் ஐயா தயங்காமல் எனக்குத் தெரிவிக்க வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
கட்டுரையாசிரியர்