குன்னூர் ஏற்றமும் ஒரு பாட்டில் தண்ணீரும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எங்கள் ஆசியைச் சொல்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் மைலேஜ் குறைந்துவிட்டது, டேங்கில் ஊற்றும் மருந்து ஏதாவது வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. ஒரு லிட்டர் எத்தனாலில் இருப்பது, பெட்ரோலில் இருக்கும் எரிசக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால், கலப்பில்லாத பெட்ரோலைவிட 6, 7 சதவீதம் சக்தி குறையத்தான் செய்யும். ஒரு மூடி மருந்தால் அதை ஈடுகட்ட முடியாது. நானும் மைலேஜுக்காக, நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை ஊற்றிப் பார்த்தவன்தான். லிட்டருக்கு 2 மில்லி வீதம் ஐந்து டேங்க் ஓட்டினேன். நோட்டில் எழுதிய கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. சந்தேகத்துக்குப் பெட்ரோல் டியூபில் ஒரு துண்டை வெட்டி அசிட்டோன் குப்பியில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் உப்பிப்போய், நகம் பட்டாலே பிய்ந்தது. அன்றோடு விட்டேன்.

ஆனால் எஞ்சினுக்குள் தண்ணீர் விடும் விஷயம் வேறு. இரண்டாம் உலகப் போர் விமானங்களிலேயே எஞ்சினுக்குள் தண்ணீரும் மெத்தனாலும் பீய்ச்சினார்கள். 1962-ல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரில் அதற்கென்றே தனித் தொட்டி இருந்தது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டுகிற நாக்கிங் அடங்கும்.

என் பழைய மாருதி 800-ல் முதலில் குளுக்கோஸ் ஏற்றும் டியூபை, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குக் கீழே, எஞ்சின் உறிஞ்சுகிற வேக்குவம் குழாயில் மாட்டினேன். நின்றுகொண்டிருக்கும்போது மடமடவென்று இழுத்தது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால், தண்ணீர் தேவைப்படுகிற நேரம் பார்த்து, நின்றுபோனது. மிதிக்க மிதிக்க வேக்குவம் இறங்கிவிடும் என்பதைப் பாலிடெக்னிக்கில் படித்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது! அப்புறம் வைப்பர் தண்ணீர் மோட்டாரை வைத்து, கார்புரேட்டர் வாயில் நுண்ணிய ஜெட் பொருத்தி, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் கொடுத்தேன்.

ஒருநாள் காலை ஸ்டார்ட்டர் 'டக்' என்று நின்றுவிட்டது. உயரத்தில் இருந்த பாட்டிலிலிருந்து ராத்திரியெல்லாம் தண்ணீர் தானாக இறங்கி சிலிண்டரில் நிறைந்திருந்தது. பிளக்குகளைக் கழற்றிச் சுற்றியபோது பீய்ச்சி அடித்தது. பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையாமல் தப்பியது என் அதிர்ஷ்டம். இப்போது பாட்டில் கார்புரேட்டருக்குக் கீழேதான் இருக்கிறது.

குன்னூர் மலைச்சாலையில் பர்லியாறு தாண்டி ஏறும்போது முன்பெல்லாம் சில்லறை குலுக்குவதுபோலக் கேட்குமே, அந்தச் சத்தம் இல்லை. ஆனால் மைலேஜ் அசையவில்லை. பிறகு பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, பிளக்கில் பொறி விழும் நேரமான டைமிங்கை 2 டிகிரி முன்னே தள்ளினேன். தண்ணீர் இல்லாமல் அப்படிச் செய்தால் உடனே நாக்கிங் வரும். ஆறு டேங்க் சராசரியில் லிட்டருக்கு 15.5 கிலோமீட்டர் 16.3 ஆனது. லாபம் டைமிங்கில்தான்டா, தண்ணீர் அதற்கு இடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

உன் வண்டியில் டைமிங்கை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அதில் கை வைக்காதே. டயர் காற்றைச் சரிபார். மருந்து வாங்கும் காசில் ஏர் ஃபில்டர் மாற்று. டேங்க் நிரப்பி அடுத்து நிரப்பும் வரை கணக்கெழுது, மீட்டர் காட்டுவதை நம்பாதே.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? குன்னூர் போவோம். நீ ஓட்டு. பர்லியாறு தாண்டியதும் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டு உன் காதாலேயே கேள்.

அன்புடன்,
ராஜு