ஆற்றங்கரை இடம் குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. நீ அனுப்பிய பதிவுச் சீட்டைப் பார்த்தேன். மே மாதக் கடைசியில், மெமோரியல் டே விடுமுறையில், டெக்சஸில் குவாடலூப் ஆற்றின் மேல்பகுதியில், தண்ணீரிலிருந்து பத்தே அடியில் இடம் என்று விளம்பரம் செய்யும் ஓர் ஆர்.வி. (படுக்கையும் சமையலறையும் உள்ள பயண வண்டி) முகாமில் இடம் எடுத்திருக்கிறாய். அந்தப் பத்தடி, கரையிலிருந்து நடந்து வரும் தூரம். ஆற்று மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பது அதில் எங்குமே இல்லை. முகாமில் கேட்டுச் சொல் என்று எழுதியிருந்தேன், பதில் வரவில்லை. உனக்கு வேலை அதிகமாக இருக்கும் என்று உன் அம்மா சொல்கிறாள். அவளுடைய கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மற்றச் செய்திகளை அவளே எழுதுவாள். எனக்கு இப்போது எழுத வருவது அந்த இடத்தைப் பற்றி மட்டுமே.

வேலையில் இருந்த காலமெல்லாம் நீர்மட்ட அளவுகோலைப் பார்த்தே பழகியவன் நான். ஆகையால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் மேற்கே நீ போகவிருக்கும் அந்த ஹில் கன்ட்ரிப் பகுதியை அங்குள்ளவர்களே ‘திடீர் வெள்ளத்தின் பாதை’ என்றுதான் சொல்கிறார்கள். மேலே மெல்லிய மண், அதன் அடியில் சுண்ணாம்புப் பாறை, செங்குத்தான சரிவுகள். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று பால்கோன்ஸ் மேட்டில் ஏறும்போது சில நேரம் மேகம் நகராமல் ஒரே இடத்தில் நின்று கொட்டித் தீர்க்கிறது. பெய்ததை மண் உறிஞ்சுவதில்லை. பெரும்பகுதி ஓடைகளுக்கும் ஓடையிலிருந்து ஆற்றுக்கும் வந்துவிடுகிறது. நீ இருக்கும் இடத்தில் வானத்தில் நட்சத்திரம் தெரிந்துகொண்டிருக்கும். பல மைல் மேலே பெய்த மழை உன்னை நோக்கி வந்துகொண்டிருக்கும்.

2025 ஜூலை 4 விடியற்காலையில் ஹன்ட் என்னும் ஊரருகே இதே குவாடலூப் முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய 26 அடி உயர்ந்ததை நீயும் அறிவாய். அந்த நாட்களின் வெள்ளத்தில் டெக்சஸில் 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிறுமிகள் முகாமில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளும், ஆற்றங்கரையில் ஆர்.வி. நிறுத்தியிருந்த குடும்பங்களும் அவர்களில் உண்டு. 1987 ஜூலையில் கம்ஃபர்ட் அருகே இதே ஆற்றில் ஒரு முகாமிலிருந்து வெளியேறிய பிள்ளைகளில் பத்துப் பேர் இறந்துபோனார்கள். அவை ஜூலை மாதம், நாங்கள் போவது மே மாதம் என்று நீ சொல்வாய். 2015-இல் விம்பர்லியில் பிளாங்கோ ஆறு 40 அடியைத் தாண்டி எழுந்து வீடுகளை அடித்துக்கொண்டு போனது மே மாதத்தில், இதே மெமோரியல் டே விடுமுறையில். 2018 அக்டோபரில் ஜங்ஷன் என்னும் ஊரருகே தெற்கு லானோ ஆறு ஓர் ஆர்.வி. முகாமையே வாரிக்கொண்டு போனது. அந்தப் பகுதியில் இந்த மாதம் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க மாதம் எனக்குத் தெரிந்து இல்லை.

போகாதே என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் தண்ணீரையும் மரத்தையும் பார்க்க வேண்டும். நீயும் சில நாள் அந்த வீட்டை விட்டு வெளியே இருப்பது நல்லதே. ஆற்றைப் பார்க்கப் போ, ஆற்றோரம் படுக்காதே. பகலெல்லாம் கரையில் இருந்துவிட்டு, இரவு மேட்டில் படுங்கள்.

மேடு என்று முகாம்காரர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதே. முதலில் அந்நாட்டுப் பேரிடர் மேலாண்மைத் துறையான ஃபெமா வெளியிட்டிருக்கும் வெள்ள வரைபடத்தில் அந்த முகாமின் முகவரியைப் போட்டுப் பார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் இல்லை. அதில் நூறாண்டு வெள்ளப் பகுதி என்று குறித்திருப்பார்கள். நூறாண்டுக்கு ஒருமுறைதானே வரும் என்று எண்ணிவிடாதே. எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் கணக்கு, சென்ற ஆண்டு வந்ததால் இந்த ஆண்டு வராது என்பதற்கு அதில் இடமில்லை. பிறகு, அங்கே போய்ச் சேர்ந்ததும், மின்சாரக் கம்பியைச் செருகுவதற்கு முன்பு, குழந்தைகளை வண்டியிலிருந்து இறக்கிக் கையோடு அழைத்துக்கொண்டு கரைவரை ஒருமுறை நடந்து வா. அந்த ஆற்றோரத்தில் பெரிய பெரிய சைப்ரஸ் மரங்கள் இருக்கும். மேல்நீரைப் பார்த்த பக்கத்தில் அவற்றின் பட்டை உரிந்திருக்கிறதா என்று பார். கிளைக் கவட்டில் காய்ந்த புல்லும் சருகும் கிழிந்த பிளாஸ்டிக்கும் சிக்கி நின்ற உயரத்தைப் பார். முன்பு வந்த வெள்ளம் தன் மட்டத்தை அங்கேதான் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கும். அந்தச் சருகு உன் தலைக்கு மேலே தொங்கினால் நீ நிற்பது கரையே அன்று, ஆற்றின் படுகை. அங்கிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடு. கட்டிய பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள் என்றால் போகட்டும். அதை நான் அனுப்புகிறேன்.

வண்டி கையில் இருக்கிறது, தண்ணீர் ஏறினால் ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஆர்.வி. எடுப்பவர்கள் எல்லோரும் எண்ணுகிறார்கள். நீயும் அப்படித்தான் எண்ணியிருப்பாய். மின்சாரக் கம்பியைப் பிடுங்க வேண்டும், தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் கழற்ற வேண்டும், சமன்படுத்தும் ஜாக்கிகளைத் தூக்க வேண்டும், பக்கவாட்டில் இழுத்துவிட்ட அறையை உள்ளே தள்ள வேண்டும். இத்தனையும் நள்ளிரவில், மழையில், தூங்கிக்கொண்டிருக்கும் இரண்டு குழந்தைகளோடு. அதையெல்லாம் முடித்துவிட்டாலும் அந்தப் பகுதிச் சாலைகள் ஆற்றையும் ஓடைகளையும் தரைப்பாலத்தில்தான் பல இடங்களில் கடக்கின்றன. தரைப்பாலத்தில் ஓரடி வேகநீர் ஓடினாலே பல கார்கள் மிதந்துவிடும், இரண்டடி ஓடினால் பெரிய வண்டிகளையும் இழுத்துவிடும் என்று அந்நாட்டு வானிலைத் துறையே எச்சரிக்கிறது. ஆர்.வி. பார்க்கப் பெரிதாக இருக்கிறதே தவிர, அதன் சுவர்கள் மெல்லிய தகடு. தண்ணீருக்கு அது காட்டுவது அகலமான ஒரு பக்கம். ஆகவே வண்டியை மறந்துவிடு. வண்டி போனால் வாடகை நிறுவனத்தின் கணக்கில் போகட்டும். நடந்து மேடேறும் வழி ஒன்றை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து, குழந்தைகளையும் ஒருமுறை அதில் ஏற்றி இறக்கிப் பழக்கு. இரவில் செருப்புகளும் டார்ச்சும் கதவருகே இருக்கட்டும். ஒரு கையில் சின்னவள், மறு கையில் டார்ச். பெரியவன் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டியிருக்கும்.

அந்தப் பதிவுச் சீட்டில் பெரியவர் ஒருவர், சிறியவர் இருவர் என்று போட்டிருந்தது. தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். எப்படியானாலும், நீ ஒருத்தியே எல்லாவற்றையும் செய்யவேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இன்னொருவரும் வந்தால் சுமை குறையும், அவ்வளவுதான். அதனால் இடம் எடுக்கும்போது பின்னோக்கி ஓட்டி நிறுத்தவேண்டிய இடமாக எடுக்காமல், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் ‘புல்-த்ரூ’ இடமாகக் கேட்டு வாங்கு. அவ்வளவு நீளமான வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கீழே நின்று கைகாட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைப் பெரியவனிடம் ஒப்படைத்துவிடாதே, உயரம் போதாத பிள்ளை பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரியமாட்டான். இடத்தின் நீளம் வண்டியின் நீளத்தைவிட ஐந்தாறு அடியாவது கூடுதலாக இருக்கட்டும். வண்டியின் மின் இணைப்பு 30 ஆம்பியரா 50 ஆம்பியரா என்பதை வாடகைக்காரரிடம் கேட்டுவிட்டு அதற்கேற்ற இடத்தை எடு. நீ ஓட்டுவதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சாலையெல்லாம் பனிக்கட்டி உறைந்து கிடந்த அன்று டல்லாஸ் விமான நிலையத்திலிருந்து எங்களை ஒரு குலுக்கல் இல்லாமல் வீடு கொண்டுவந்து சேர்த்தவள் நீ; அதை நான் இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சந்தேகமெல்லாம், களைத்துப்போனாலும் களைத்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாத உன் பழக்கத்தைப் பற்றித்தான். சிறு வயதிலிருந்தே அப்படி. காய்ச்சலைக்கூட நாங்கள் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தண்ணீரை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்றால் ஆற்றை விட்டுவிட்டு ஏரிக்குப் போ. பர்னெட் அருகே இங்க்ஸ் ஏரி மாநிலப் பூங்கா இருக்கிறது. 1938-இல் கட்டி முடித்த அணைக்குப் பின்னால் நிற்கும் நீர் அது. மேலே புக்கானன் அணை இருப்பதால் பெரும்பாலான நாட்களில் மட்டம் அதிகம் மாறுவதில்லை. மின்சாரமும் குடிநீரும் உள்ள இடங்கள் அங்கே உண்டு. கனியன் ஏரியைச் சுற்றி இராணுவப் பொறியாளர் படை நடத்தும் முகாம்களும் உண்டு. அவற்றை எடுப்பதானால் ஒன்றைத் தெரிந்துகொள். அது வெள்ளத்தைத் தேக்கவே கட்டிய அணை. வழக்கமான மட்டம் கடல்மட்டத்திலிருந்து 909 அடி, உபரிநீர் வழியும் விளிம்பு 943 அடி. இடையில் உள்ள 34 அடியும் வெள்ளத்திற்காக ஒதுக்கியது, 2002 ஜூலையில் அந்த விளிம்பையும் தாண்டி வழிந்திருக்கிறது. ஆனால் அகன்ற ஏரியில் மட்டம் நாள் கணக்கில்தான் ஏறும். வந்து சொல்லவும் இடத்தை மாற்றவும் நேரம் இருக்கும். ஆறு வந்து ஏரியில் சேரும் தலைப்பகுதியில் மட்டும் தங்காதே, அது ஏரியின் பெயரில் இருக்கும் ஆறு. அணைக்குக் கீழேயும் வேண்டாம். மழை குறைந்த ஆண்டுகளில் கனியன் ஏரியின் நீர் வெகுதூரம் உள்வாங்கிவிடுகிறது. அப்போது படகுத்துறையை மூடிவிடுவார்கள், குழந்தைகள் தண்ணீரைத் தொடச் சேற்றைத் தாண்டிப் போகவேண்டியிருக்கும். போகும் வாரத்தில் மட்டத்தைப் பார்த்துக்கொள்.

பெரியவன் தனியாகக் கூடாரத்தில் படுப்பேன் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருந்தாய். அவனைத் தடுக்காதே, ஆனால் கூடாரம் உன் வண்டியின் கதவுக்கு எதிரே, நீ படுத்தபடியே கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கட்டும். மேலே காய்ந்த கிளை எதுவும் தொங்கக்கூடாது. ஏரிக் காற்று நேராக வந்து மோதும் கரையில் கூடாரம் நிற்காது. நம்முடைய பழைய கூடாரத்திற்கு என்ன ஆயிற்று என்பதை அவனுக்கு நீயே சொல். எவ்வளவு குளிரானாலும் அடுப்பையோ கரி வாணலையோ கூடாரத்திற்குள் கொண்டுபோக விடாதே. அந்தப் புகையில்லாத நச்சுக்காற்று மணக்காது, தூக்கத்திலேயே முடித்துவிடும்.

கைப்பேசியை மட்டும் நம்பி இருக்காதே. அந்தப் பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை. வானிலைத் துறையின் எச்சரிக்கையை ஒலிபரப்பும் நோவா வானொலிப் பெட்டி ஒன்றை, பேட்டரியில் ஓடுவதாகவும் எச்சரிக்கை வந்தால் தானே அலறுவதாகவும் பார்த்து வாங்கித் தலைமாட்டில் வை. வெள்ளம் வரக்கூடும் என்றால் ‘வாட்ச்’, வந்துகொண்டிருக்கிறது என்றால் ‘வார்னிங்’. வாட்ச் என்று சொன்னதுமே அன்றிரவு மேட்டுக்கு மாறிவிடு. இரண்டாவது சொல்லுக்குக் காத்திருக்காதே. மறுபடியும் சொல்கிறேன், இரவு மேட்டில் படுங்கள்.

அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறை ஹன்ட் அளவுகோலின் மட்டத்தை இணையத்தில் வெளியிடுகிறது. காலையில் செய்தித்தாளுக்கு முன்பு நான் அதைத்தான் பார்க்கிறேன். நீ எழுதாத நாட்களிலும் அந்த ஆறு எத்தனை அடியில் ஓடுகிறது என்பது எனக்குத் தெரிகிறது.

எங்கள் விசாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அம்மாவின் கண் மருத்துவர் பயணம் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நின்று கைகாட்டவும், இரவில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்று நீ ஒரு வரி எழுதினால் மே மாதம் பிறப்பதற்குள் அங்கே இருப்போம். காரணம் எதையும் கேட்கமாட்டோம். அந்த முகாமை ரத்து செய்யக் கடைசி நாள் எது என்பதைச் சீட்டின் பின்பக்கம் பார்த்து எழுது. ஏரியில் இடம் கிடைத்தால் இட எண்ணையும் அனுப்பு, வரைபடத்தில் நானும் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா