பொங்கல் பொங்கிய ஒரு நிமிடம்

ஸ்கார்பரோ, டொராண்டோ
19.1.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கடைக்குப் போவதென்றால் உடுத்திக்கொள்ளவே கால் மணி நேரம். ஆனால் இங்கே முருங்கைக்காய் கிடைக்கிறது என்றால் நீ நம்ப மாட்டாய்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும். அதற்குள் தம்பியின் மின்னஞ்சலில் என் முகம் வந்து காத்திருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன கேமரா மாட்டியிருக்கிறேன். பொங்கலன்று மின்சார அடுப்பில் பால் பொங்கியதைப் பிடித்து, உன்னிடம் நாலு வார்த்தையும் பேசி அனுப்பிவிட்டேன்.

எளிதில் முடியவில்லை. முதலில் எடுத்த இரண்டு நிமிடப் படம் 400 எம்.பி.க்கு மேல் வந்து நின்றது, ஒரு சி.டி.யில் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். விண்டோஸ் எக்ஸ்.பி.யோடு வரும் மூவி மேக்கரில் போட்டுச் சுருக்கி, நீளத்தையும் பாதியாக வெட்டினேன். முகம் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது, அளவும் 750 கே.பி.க்கு இறங்கியது. எங்களுக்கு இணையம் போன் லைனில்தான் வருகிறது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே யாரோ போனில் அழைக்க, இணைப்பு அறுந்தது. இரண்டு முறை அப்படி. மூன்றாம் முறை அனுப்புவதற்குள் உன் மருமகள் போனுக்குக் காவல் உட்கார்ந்துவிட்டாள்.

அதைவிடப் பெரிய பாடு பேசுவதுதான். போனில் நான் பேசப் பேச நீ "உம்" கொட்டுவாய். கேமரா உம் கொட்டுவதில்லை. "அம்மா" என்று சொல்லிவிட்டு, உன் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறேன். அதை வெட்டலாம் என்றேன், இவள் விடவில்லை.

தம்பியோடு பிரவுசிங் சென்டருக்குப் போ. படம் ஃபிளாப்பியில் அடங்கும். பிரதி எடுத்துக்கொண்டு அஞ்சலை அழித்துவிடச் சொல், இல்லாவிட்டால் அவன் பெட்டி நிறைந்துவிடும். ஹெட்போன் ஒன்றுதான் இருக்கும், அப்பாவுக்கு முதலில் கொடு. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தமாகத்தான் பேசியிருக்கிறேன். பால் பொங்கும் நேரத்தில் நான் கேமராவைப் பார்க்கவில்லை, அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் பெரியவன்