பசை வேண்டாம் அக்கா, முடிச்சு போதும்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் பீரோவைத் திறக்கவும் முடியவில்லை, அப்படியே விடவும் முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பலகையில் ஒட்டி, சுற்றிலும் அம்மாவின் சேலைத்துணி வைத்து ஃப்ரேம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடைசி மாதங்களில் அம்மாவிடம் சிடுசிடுத்தது இன்னும் தொண்டையில் நிற்கிறது என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. எங்கள் பதில் அந்த வரிக்குத்தான்.

ஒட்டாதீர்கள். துணியால் சுற்றுங்கள்.

பெவிகால் ஊறிய துணி காய்ந்ததும் விறைத்துப்போகும், அதற்கப்புறம் ஊசி இறங்காது. நாளைக்கே மூக்குக்கண்ணாடியை மட்டும் எடுத்துக் கையில் வைத்திருக்கலாம் போல இருந்தால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். மனசு அப்படி மாறும் அக்கா. இன்று கண்ணில் படக்கூடாது என்று நினைப்பதைத் தீபாவளிக்குள் தேடுவீர்கள். மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்களே, அவிழ்க்கும் நாள் உண்டு என்று தெரிந்துதான் அதை முடிகிறோம். இதுவும் அந்த வகைதான்.

இந்தச் சுற்றும் வேலையையே வாழ்க்கையாகச் செய்தவர் அமெரிக்காவின் ஜூடித் ஸ்காட். 1943இல் பிறந்தவர், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், காது கேட்காது, பேச்சும் இல்லை. 35 வருடம் காப்பகங்களில் கழிந்தது. 1987இல் ஓக்லண்டில் உள்ள கலைக்கூடம் ஒன்றுக்கு வந்தபிறகு, கையில் கிடைத்த பொருள்களை நூலாலும் துணியாலும் சுற்றிச் சுற்றி, சில சமயம் ஆள் உயரத்துக்கு உருவங்கள் செய்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பல உருவங்களில் வெளியே தெரியாது. உங்கள் பொருளும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. சுவரில் ஃப்ரேமாக மாட்டினால் வருகிறவர்கள் எல்லாம் விசாரிப்பார்கள், நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

சேலையில் கை வைக்காதீர்கள். முதலில் ஒரு பழைய பருத்தி உள்பாவாடை. சாட்டின் வேண்டாம், நேராகக் கிழியாது. பாலியெஸ்டரும் அப்படித்தான். துவைத்து, கஞ்சி போக அலசி, நன்றாகக் காய வையுங்கள். தையலைப் பிரித்துவிட்டு, ஓரத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒரு வெட்டு கொடுத்து நீளவாக்கில் கிழியுங்கள். நூல் ஓட்டத்தோடு போனால் துணி தானாக நேராகக் கிழியும். கோணலாகப் போனால் வெட்டு இழை மாறி விழுந்திருக்கிறது, பக்கத்தில் புதிதாக ஒன்று போடுங்கள். ஒவ்வொரு துண்டும் சுமார் 90 செ.மீ. வரும். கைப்பிடி அளவு சாவிக்கொத்துக்கு மூன்று அடுக்கு சுற்ற 8 முதல் 10 மீட்டர், அதாவது பன்னிரண்டு துண்டு போதும். கிழிக்கும் அந்தச் சத்தமே சிலருக்கு அழுகையை வரவழைக்கும். வரட்டும், வந்தால் அன்றைக்குக் கிழிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்மாவின் வாசனை உள்ள துணியைத் துவைக்கத் துணியமாட்டீர்கள், தெரியும். அதைச் சுற்றுவதற்கு எடுக்காதீர்கள். வியர்வையும் எண்ணெயும் உள்ள துணிக்கு ராமபாணப் பூச்சி வரும், சென்னை ஈரத்துக்குப் பூஞ்சையும் வரும். வெயிலில் ஒருமுறை உலர்த்தி, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் தனியாக வைத்துவிடுங்கள்.

இனி பொருள்கள். காது மெஷினில் பேட்டரி இருந்தால் கழற்றிவிட வேண்டும், உள்ளேயே விட்டால் கசிந்து துணியை அரிக்கும். அம்மாவின் செல்போனைச் சுற்றவே கூடாது, அதன் பேட்டரி உப்பினால் ஆபத்து. மாத்திரை அட்டையில் மாத்திரை ஒன்றுகூட இருக்கக்கூடாது. வெறும் அட்டையின் விளிம்பும் கத்தி மாதிரி, நான்காக மடித்து ஒரு துண்டுத் துணியில் பொதிந்த பிறகுதான் சுற்ற வேண்டும். இரும்புச் சாவியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நிறமில்லாத நகப்பாலிஷ் இரண்டு பூச்சு கொடுத்து ஒரு நாள் காய விடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்காலத்தில் துணியில் துருக்கறை இறங்கும். பித்தளைச் சாவி என்றால் புளி போட்டுத் தேய்க்கலாம். ஆனால் புளிப்பு போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உடனே துடையுங்கள். ஈரமாக விட்டால் பச்சை பிடிக்கும்.

சுற்றும் விதம்: சாவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பல் குத்தாமல் சிறு துணியில் பொதியுங்கள். முதல் துண்டின் நுனியில் நாலு விரல்கடை அளவைப் பொருளின் மேலேயே படுக்கவைத்து, அதன் மேலேயே சுற்றினால் நுனி தானாக மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை பொருளைக் குறுக்காகத் திருப்புங்கள். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் பம்பரச் சாட்டை மாதிரி மொத்தமும் ஒரு பக்கமாக வழுக்கி உருவிக்கொண்டு வரும். கோபத்தில் இழுத்துச் சுற்றினால் துணி கயிறாகச் சுருங்கும், இடையில் உலோகம் தெரியும். அப்படி ஆனால் இரண்டு சுற்று அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள், துணி நகராவிட்டால் இறுக்கம் சரி.

துண்டை நீட்ட முடிச்சு போட்டால் மேடு தட்டும். பழைய துண்டின் நுனியிலும் புதிய துண்டின் நுனியிலும் அரை அங்குலத் துளை போடுங்கள். பழைய நுனியைப் புதியதன் துளைக்குள் நுழைத்து, புதியதன் மறுமுனையைப் பழையதன் துளை வழியாக எடுத்து இழுங்கள். தட்டையாகப் பூட்டிக்கொள்ளும்.

சொல்லாமல் போனதை எழுதி உள்ளே வைக்க விரும்பினால் காகிதம் வேண்டாம், துணித்துண்டிலேயே பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் பேனா ஈரத்தில் பரவும். எழுத்து உள்பக்கம் பார்க்கும்படி இரண்டாவது அடுக்கில் சுற்றினால் வெளியிலும் தெரியாது, அவிழ்க்கும் அன்று முதலிலும் வராது. மன்னிப்பு மட்டும்தான் எழுத வேண்டும் என்று இல்லை அக்கா. உங்களுக்கு அம்மா மேல் இருந்த கோபத்தையும் எழுதுங்கள். வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டவர் நீங்கள், கோபம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மூக்குக்கண்ணாடியை மூட மனசு வராது என்று தோன்றுகிறது. அதை மேலே வைத்து, பூக் கட்டுகிற அதே சுருக்கில் கட்டிவிடுங்கள். விரலில் வளையம் எடுத்துக் காம்பில் மாட்டி இழுப்பதுபோலக் கண்ணாடியின் காம்பில் மாட்டி இழுக்க வேண்டியதுதான். வாழைநார் என்றால் கால்மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் முறியும், கட்டியபின் முழுக்க உலர்த்தாவிட்டால் பூஞ்சை. நூல் சுலபம். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் மூன்று இழை போதும்.

ஒரு நாளைக்கு மூன்று துண்டுக்கு மேல் வேண்டாம், அரைமணி நேரத்துக்கு அலாரம் வையுங்கள். இது வைத்தியம் இல்லை. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போனால் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்று ஒரு நிமிடம் தோன்றினாலும் துணியைக் கீழே வைத்துவிட்டு 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும்.

முடிந்ததைச் சுவர் ஓரம் வைக்காமல் காற்று வரும் அலமாரியில் வையுங்கள். நேர் வெயிலில் நிறம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து மின்விசிறியின் கீழ் வைத்தால் போதும்.

சுற்றத் தொடங்கும் முன் சாவிகளை ஒவ்வொன்றாகப் பூட்டுகளில் போட்டுப் பாருங்கள். பீரோ சாவி அந்தக் கொத்தில்தான் இருக்கும். அதை மட்டும் கழற்றித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தையல் தோழிகள்